கிணற்றுத் தண்ணீரில் எழுந்த பத்து வீடுகள்

என் விரல்களில் இன்னும் துரு மணக்கிறது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. காலையில் கொண்டச்சியில் ஒரு வீட்டின் முன்தூணைச் சுத்தியலால் தட்டினேன். பலமாகத் தட்டவில்லை, கதவைத் தட்டுவதுபோலத்தான். உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்து பெயர்ந்து என் சப்பாத்தில் விழுந்தது. உள்ளேயிருந்த கம்பி ஊதிப் பருத்து, அடை அடையாகப் பிரிந்துபோய் நின்றது. விரலால் தொட்டேன். பொடியாக உதிர்ந்தது. வீட்டுக்காரப் பெண் பக்கத்தில் நின்று, "மிஸ், மேல பூசினாச் சரிதானே?" என்று கேட்டாள். நான் குனிந்து குறிப்பெடுத்தேன். நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாய்.

நீ மவுத்தாகி ஒன்றரை வருடம். செய்தி எனக்குப் பின்னேரம்தான் வந்தது. நம்மோடு படித்த ஒருவன் தொலைபேசியில் சொன்னான். காலையில் உயிர் பிரிந்ததாம், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அடக்கம் முடிந்திருக்கும். மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று அதன் பிறகும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ இனித்தான் புறப்படப் போகிறவள் மாதிரி. உனக்கு மார்பில் கட்டி என்றும், கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடமாகப் போய்வந்தாய் என்றும் அன்றுதான் எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறேன்.

வகுப்பில் கடைசி ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் பிரித்த நாள் நினைவிருக்கிறதா? கட்டட வேலைத்தளத்தில் நின்று பழகி, குறிப்புப் புத்தகம் எழுதி, அங்குள்ள இஞ்சினியரிடம் கையெழுத்து வாங்கினால்தான் சிவில் டிப்ளோமா. பையன்கள் எல்லாரும் கொழும்புக்குக் கை தூக்கினார்கள். மன்னார்ப் பக்கம், முசலியில், திரும்பி வந்த சனத்துக்கு வீடு கட்டுகிற வேலை என்றபோது நம் இருவரின் கை மட்டும்தான் உயர்ந்தது. எனக்குப் பேசாலை, வீடு பக்கம். உனக்கு ஏன் என்று கேட்டேன்.

"கொண்டச்சி எங்கட வாப்பாட ஊர்டி. நான் இன்னும் பாக்கல்ல" என்றாய்.

சொந்த ஊரைப் பார்க்காத ஒருத்தியை அன்றுதான் கண்டேன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உன் உம்மாவின் வயிற்றில் நீ ஏழு மாதம். புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டிலில் பிறந்தாய். உன் வாப்பா கொண்டச்சியில் வயல் செய்தவர், புத்தளத்தில் இருபது வருடம் உப்பளத்தில் வேலை செய்தார். இப்போது அவரும் ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு வீட்டுக்குக் காத்திருந்தார். அந்த வீடுகளைக் கட்டுகிற இடத்துக்கே மகள் பயிற்சிக்கு வருகிறாள் என்று அவருக்கு எவ்வளவு பெருமை. முதல் நாள் நம்மைப் பார்க்க வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னையும் "மகள்" என்றுதான் கூப்பிட்டார்.

மன்னாரில், உப்புக்குளத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டோம். ஒரு மூலையில் என் மாதா படம், மற்ற மூலையில் உன் தொழுகைப் பாய். சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிற நீ என்னையும் எழுப்பிவிடுவாய், தளத்துக்குப் போகிற சிலாவத்துறைப் பஸ் ஆறு மணிக்கு. தலையை மூடிய துணிக்கு மேல் வேலைத்தளத்து மஞ்சள் தொப்பி நிற்காது, சறுக்கிக்கொண்டே வரும். கடைசியில் தொப்பியின் வாரில் கட்டுக்கம்பியைக் கோர்த்து இழுத்துக் கட்டினாய். "இப்ப சுனாமி வந்தாலும் கழராது" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாய்.

முதல் நாள் தளத்தை மேற்பார்க்கிற ஓவசியர் நமக்குப் பந்தலுக்குள் இரண்டு கதிரை போட்டார். "பொம்பிளைப் பிள்ளையள் வெயிலுக்க நிக்க வேண்டாம். இதில இருங்கோ, நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். நீ கதிரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கம்பி கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டாய். கொஞ்ச நேரம் தனியே உட்கார்ந்திருந்துவிட்டு நானும் எழும்பி வந்தேன். எப்போதும் அப்படித்தான். முதலில் நீ, கொஞ்சம் பொறுத்து நான்.

சூசை அண்ணைதான் தலைமை மேசன். முள்ளிக்குளத்துக்காரர். தன் ஊரைக் கடற்படை பிடித்து வைத்து உள்ளே போக விடாத காலம் அது. மற்றவர்களுடைய ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். முதல் வாரம் நம் இருவரின் கையும் கம்பி முனை கிழித்து இரத்தம். அவர் பார்த்துவிட்டு, "இனி நீங்கள் இஞ்சினியர்தான்" என்றார். நீ ஒரு மாதத்தில் அவர் வேகத்துக்குக் கட்டினாய். எத்தனை வாளி தண்ணீர், எத்தனை தாச்சி மணல், எவ்வளவு கல் என்று எண்ணி எண்ணி எழுதுவாய். ஈரக் கலவையைக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கி, கலவை எவ்வளவு இறங்குகிறது என்று குந்தியிருந்து அளப்பாய். வகுப்பில் கரும்பலகையில் பார்த்து எனக்கு விளங்காத அந்தச் சோதனை, நீ அந்தக் கூம்பைத் தூக்கிய விதத்தில்தான் விளங்கியது.

பத்து வீடுகளுக்குத் தூண் நிறுத்தி முடிந்திருந்தது. அது முதல் வரிசை. உன் வாப்பாவுடைய வீடு அடுத்த வரிசையில், அத்திவாரத்தோடு நின்றது.

அந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பு. கலவைக்கு நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். நாம் போன புதிதில் வந்தது. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தது. பிறகு எப்போது வந்தது என்று யாரும் கேட்காத அளவுக்குப் போய்விட்டது. ஆனால் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்த பீப்பாக்கள் எப்போதும் நிறைந்தே இருந்தன. இரண்டுக்கும் உள்ள முரண் என் கண்ணில் படவில்லை. நீதான் ஒரு காலை குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பவுசர் வந்து மூணு கிழம. அப்ப இது எந்தத் தண்ணி?" என்று கேட்டாய்.

தகரப் பேணியில் அள்ளி ஒரு வாய் குடித்தாய். முகம் கோணித் துப்பினாய். பேணியை என்னிடம் நீட்டினாய். நானும் குடித்தேன். சூசை அண்ணையும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்ததால் துப்ப வெட்கப்பட்டு விழுங்கிவிட்டேன்.

"உப்பளத்தில வேல செஞ்சவர்ட மகள் நான். எனக்கு உப்புத் தெரியாதா?" என்றாய். சூசை அண்ணையிடம் போய்க் கேட்டாய். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "பவுசர் வந்தா நல்ல தண்ணி. வராட்டிக் கிணத்துத் தண்ணி. நான் மேசன், தங்கச்சி. தண்ணி கொண்டு வாறது நானில்லை."

குடிக்க உதவாத தண்ணீர் கொங்கிறீற்றுக்கும் உதவாது என்பது நமக்கு முதல் வாரமே படிப்பித்தது. உப்பு உள்ளே கிடந்து கம்பியைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது, வருடக்கணக்காகத் தெரியாது. நீ விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாய்.

"பத்து வருசம், பன்ரெண்டு வருசம். அப்ப வாப்பாக்கு எழுவது வயசு. எழுவது வயசில அவர் இன்னொரு வீட்டுக்கு எங்க போவார்?" என்று என்னைக் கேட்டாய். அன்று மத்தியானம் இஞ்சினியர் வருகிற நாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். "ரெண்டு பேருமாச் சொல்லுவம்" என்றாய்.

"ஓம், சொல்லுவம்" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

இதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பதினொரு மணியளவில் ஓவசியர் என்னை மட்டும் பந்தலுக்குள் கூப்பிட்டார். யாரோ அவரிடம் போய்ச் சொல்லியிருந்தார்கள். "தங்கச்சி, இண்டைக்கு உங்கட புத்தகத்தில இஞ்சினியர் கையெழுத்து வைக்கோணும். பயிற்சி முடிய உங்களை இங்கயே வேலைக்கு எடுக்கிறதெண்டு நான் கதைச்சிருக்கிறன். அவவுக்குப் பின்னால போய் உங்கட காரியத்தைக் கெடுக்காதேங்கோ" என்றார். அப்பா கடலுக்குப் போக முடியாமல் முதுகு விழுந்து வீட்டில் கிடந்த வருடம் அது. அம்மா கடற்கரை வாடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் பிற்காலத்தில் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது முழு உண்மையில்லை. வறுமை ஒரு பங்கு. மற்றப் பங்கு வேறு. எல்லாரும் ஒரு பக்கம் நிற்க நீ மட்டும் மற்றப் பக்கம் நின்றாய். நிறையப் பேர் நின்ற பக்கம் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

இஞ்சினியர் வந்தபோது வீட்டுக்குக் காத்திருந்த சனமும் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள், எப்போது கூரை போடுவீர்கள் என்று கேட்க. உன் வாப்பாவும் நின்றார். நீ பேணியைத் தண்ணீரோடு கொண்டுபோய் இஞ்சினியர் முன்னால் நீட்டினாய்.

"சேர், ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. இதாலதான் பத்து வீட்டுத் தூணும் போட்டிருக்கு."

அவர் பேணியை வாங்கவில்லை. ஓவசியரைப் பார்த்தார். ஓவசியர், "பவுசர் ஒழுங்கா வருது சேர்" என்றார்.

"நீங்கள் படிக்க வந்தனீங்களோ, எங்களுக்குப் படிப்பிக்க வந்தனீங்களோ?" என்றார் இஞ்சினியர். இரண்டு பேர் சிரித்தார்கள். நீ பேணியை இறக்கவில்லை. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "மற்றப் பிள்ளை, நீங்களும் குடிச்சனீங்களோ?"

"இல்லை சேர்" என்றேன்.

நாக்கில் அந்த உப்பு அப்படியே இருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பேணியைப் பிடித்திருந்த உன் கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. பெரிய வெள்ளிக்கிழமைப் பாடுகளின் வாசகத்தில் சீடன் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லி, சேவல் கூவுகிற இடம் வரும்போது கோயிலில் நான் தலை நிமிர்வதில்லை. ஒவ்வொரு வருடமும்.

இஞ்சினியர் அதோடு விடவில்லை. சனத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளை சொல்லுறமாதிரி எல்லாத்தையும் நிப்பாட்டிச் சோதிக்கிறதெண்டா மாசக்கணக்கில போகும். மழைக்கு முதல் வீடு வராது. என்ன செய்வம்?" என்று கேட்டார். பிறகு உன் வாப்பாதான் முன்னுக்கு வந்தார். உன்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ சின்னப் புள்ள சேர். வேல நடக்கட்டும்."

வேலை நடக்கவில்லை. அங்கே உன்னைச் சிரித்து அனுப்பினாலும் அந்த இஞ்சினியருக்குப் பயம் பிடித்திருக்க வேண்டும். அடுத்த நாளே ஆட்களை வேறு தளத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓவசியர் போகும்போது சனத்திடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: "உங்கட பிள்ளைதான் நிப்பாட்டினது." அந்த மாரி வழமையைவிட முன்னுக்கே தொடங்கியது. தகரக் கொட்டில்களுக்குள் வெள்ளம். கைக்குழந்தைகளோடு சனம் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தது. நீ நடந்து போனால் பெண்கள் கதவைச் சாத்தினார்களாம். உன் பயிற்சி பொருத்தமில்லை என்று கல்லூரிக்கு ஒரு கடிதம் போனது. என் புத்தகத்தில் கையெழுத்து விழுந்தது.

நீ அறையைக் காலி செய்த அன்று புத்தளம் போகிற பஸ்ஸுக்கு உன்னோடு வந்தேன். உன் பையை நான்தான் தூக்கினேன், நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. அறையில் மிஞ்சியிருந்த அரிசி எந்தப் பேணியில் இருக்கிறது, வீட்டுக்கார அக்காவிடம் திறப்பை எப்போது கொடுக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். ஏசுவாய் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் அழுதிருப்பேன், அதோடு கொஞ்சம் லேசாகியிருக்கும். பஸ்ஸில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டாய்.

"உனக்கு உப்பா இருக்கல்லயாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது என்று எனக்குள் கதை கட்டி வைத்திருந்தேன். அப்படியில்லை. பஸ் நிறைய நேரம் நின்றது. கொண்டக்டர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் கச்சான் கடலை விற்றுக்கொண்டு போனார். நான் பேசாமல் நின்றேன்.

பிறகு உன்னை நான் பார்க்கவேயில்லை. நீ டிப்ளோமாவை முடிக்கவில்லை என்றும், கலியாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் என்றும், புத்தளத்தில் வீட்டில் வைத்துக் கணிதம் படிப்பிக்கிறாய் என்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை உன் நம்பர் கிடைத்து எடுத்தேன். ஒரு பிள்ளை "ஹலோ, யாரு?" என்றது. உன் குரல் அப்படியே. வைத்துவிட்டேன். எனக்கு ஓவசியர் சொன்ன வேலை கிடைத்தது. அதிலிருந்து அரச உத்தியோகம், கந்தோர், மோட்டார் சைக்கிள், பேசாலையில் கல்வீடு. எல்லாம் அந்த ஒரு கையெழுத்திலிருந்து வந்தவை.

இப்போது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு, அதே கொண்டச்சியிலிருந்து கந்தோருக்கு முறைப்பாடு. வீடுகள் வெடிக்கின்றன, பார்த்து அறிக்கை தரவேண்டும். அனுப்பப்பட்டவள் நான். முதல் வரிசையில் பத்து வீட்டுக்கும் போனேன். பத்தும் ஒரே மாதிரி. தூண்களில் நெடுக்காக வெடிப்பு, உள்ளே ஊதிய கம்பி. ஒரு வீட்டில் முன்கூரையைப் பனங்குற்றி முண்டு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன.

பிறகு இரண்டாம் வரிசைக்குப் போனேன். உன் வாப்பாவின் வீட்டிலிருந்து தொடங்கினேன். தட்டினேன். சுத்தியல் எகிறித் திரும்பியது. பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, கடைசி வீடுவரை தட்டினேன். ஒரு மயிர் வெடிப்புக்கூட இல்லை. மழை விட்டு வேலை திரும்பத் தொடங்கியபோது என்ன நடந்தது என்று அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் பயிற்சியை முடிக்க அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று புதிதாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பவுசர் ஒருநாளும் பிந்தவில்லை. உன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நீ பேணியை நீட்டியதால்தான் அந்தத் தண்ணீர் வந்தது. உனக்குக் கதவைச் சாத்திய சனமும் அந்த இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறது, பிள்ளை குட்டிகளோடு, நல்ல தூண்களின் கீழே.

உன் வாப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. "உள்ள வாங்க மகள், வெயில்" என்று கதிரை போட்டார். உன் உம்மா படுக்கையில் இருந்தபடியே என் கையைப் பிடித்தார். அவருக்கு நான் யார் என்று தெரியவில்லை, ஆனால் பிடித்த கையை விடவில்லை.

சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று தெரியாது. தண்ணீரைக் குடித்தது, இரண்டு பேருமாகச் சொல்லுவோம் என்று ஒத்துக்கொண்டது, ஓவசியர் கூப்பிட்டது, இல்லை சேர் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வரிசைத் தூண்களைப் பற்றிச் சொன்னேன். இந்த வீட்டுத் தூண் ஏன் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவருக்கு இதெல்லாம் புதிது என்று நினைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

முடித்த பிறகு அவர் சொன்னார்: "அந்தக் கிணறு உப்பெண்டு எனக்குத் தெரியாதா, மகள்? இருவது வருசம் உப்பளத்தில நிண்டவன். ஊருக்கே தெரியும். அவ மட்டும்தான் வாயால சொன்னவ."

வாசலுக்கு வெளியே நின்ற வேம்பைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மழைக்குள்ள சனம் பள்ளிக்கூடத்தில கிடக்கைக்குள்ள எனக்குக் கோவம். நீ நிப்பாட்டின வீடு இது, இதுக்குள்ள நீ கால் வைக்காத எண்டு சொல்லிட்டன். பிறகு வீடு வந்தது, என்ட கோவம் போச்சு. பெருநாளைக்குப் பிள்ளையளக் கூட்டிட்டு வருவா. பிள்ளையள் உள்ள ஓடும். அவ அந்த வேம்புக்குக் கீழ கதிரையப் போட்டு இருப்பா. உள்ள வா மகள் எண்டு கூப்பிட்டா, இன்னொரு நாள் வாப்பா எண்டு சிரிப்பா. கடைசியா ஆஸ்பத்திரியால வந்து, நடக்கவும் ஏலாம வந்தவ. அண்டைக்கும் வேம்புக்குக் கீழதான். உம்மாதான் சோத்தக் கொண்டுபோய் அங்க வச்சுத் தீத்தினவ."

உன் உம்மாவின் கை என் கைக்குள் இருந்தது. எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க என்று மனதுக்குள் வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "வாப்பா, நான் முந்தியே வந்து சொல்லியிருக்கோணும்" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம்" என்றார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஏசவும் இல்லை. நான் சொன்னதை வைத்து எதையோ கூட்டிப் பார்ப்பவர்போல இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு அவளோட நிக்க ரெண்டு பேர் இருந்தோம், மகள். ரெண்டு பேரும் நிக்கல்ல."

பள்ளியில் பாங்கு சொன்னது. அவர் எழும்பி ஒழுச் செய்யப் போனார். வாசலில் நின்று திரும்பி ஒன்று கேட்டார். "நீங்க கந்தோருக்கு எழுதுற பேப்பரில அவட பேரை எழுத ஏலுமா?"

ஏலும் என்றேன். இப்போது கந்தோரில் எல்லாரும் போய்விட்டார்கள். மேசையில் அறிக்கை இருக்கிறது. சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், கலவைக்கு உவர்க் கிணற்று நீர் பாவிக்கப்பட்டது என்று எழுதினேன். எப்படித் தெரியும் என்ற இடத்தில், வேலை நடந்த காலத்திலேயே பயிற்சி மாணவி ஒருவர் இதைப் பொறுப்பாளருக்கு நேரில் அறிவித்தார் என்று எழுதி, உன் முழுப் பெயரையும் எழுதினேன். அதற்குக் கீழே, அந்த நீரை நானும் குடித்தேன், உவர் என்று அறிந்தேன், கேட்டபோது மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நாளைக்கு இதைப் பார்க்கிற மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். பதவி உயர்வுக்குப் பெயர் போயிருக்கிற நேரம். அது போனாலும் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்று எழுத எனக்கு வீரம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியதை வெட்டவில்லை.

இது உனக்கு எதையும் திருப்பித் தராது. நீ படிக்காமல் விட்ட படிப்பை, நீ நிற்காமல் போன வேலைத்தளங்களை, வேம்புக்குக் கீழே இருந்து சாப்பிட்ட அந்தச் சோற்றை. அதன் பிறகு நீ உயிரோடு இருந்த பதின்மூன்று வருடமும் உனக்குச் சொல்லாததை ஒரு கந்தோர்க் கோப்புக்குச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். அன்று நிற்காத இருவரில் நான் ஒருத்தி. இனி எங்கே போனாலும் என்னோடு வரப்போவது அதுதான்.

அறிவித்தவரின் விலாசம் என்று படிவத்தில் ஒரு பெட்டி. புத்தளத்து விலாசம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே நீ இல்லை. உன் வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"இந்த வீட்டையே போடுங்க, மகள்" என்றார்.

போட்டிருக்கிறேன்.